அடுத்து எதைத் திறப்பது: மானியமா, மூலப்பொருள் வரியா, நிலமும் தொழிலாளர் சட்டமுமா?

1991 ஜூலை 24 அன்று பகலில் புதிய தொழில் கொள்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அன்று மாலையே மன்மோகன் சிங் பட்ஜெட் படித்தார். பதினெட்டுத் தொழில்கள் போக மற்ற எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் ரத்து, 34 தொழில்களில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு உடனடி அனுமதி, இறக்குமதி வரியின் உச்சம் 150 சதவீதம். அதற்கு மூன்று வாரம் முன்பே ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையில் குறைத்தாயிற்று. கையில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். 47 டன் தங்கம் லண்டனுக்கு அடகு போனது அந்த ஜூலையில்தான்.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அன்று செய்தவற்றில் பெரும்பாலானவை டெல்லியில் ஒரு அறிவிக்கை வெளியிட்டால் முடிகிற காரியங்கள். ரூபாய் மதிப்பு, இறக்குமதி வரி, லைசென்ஸ் எதற்கும் எந்த மாநில முதல்வரின் சம்மதமும் தேவைப்படவில்லை. நிலம், மின்சாரம், தொழிலாளர் சட்டம், விவசாயச் சந்தை ஆகியவற்றுக்கு மாநிலங்களும் சட்டமன்றங்களும் வேண்டும். அவை அப்படியே நின்றுவிட்டன. முப்பது வருடத்துக்கும் மேலாக 'இரண்டாம் கட்டச் சீர்திருத்தம்' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இந்த மிச்சத்தைத்தான்.

திறந்ததற்குப் பலன் கிடைத்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் முப்பது வருடம் ஆண்டுக்கு மூன்றரை சதவீதம் என்று நகர்ந்த வளர்ச்சி ஆறுக்கு மேல் போனது. ஆனால் 1990ல் இந்தியனின் சராசரி வருமானமும் சீனனுடையதும் ஏறக்குறைய சமம். இன்று அவர்களுடையது நம்முடையதைப்போல ஐந்து மடங்கு. இங்கே உழைப்பவர்களில் நூற்றுக்கு 46 பேர் இன்னும் விவசாயத்தில் இருக்கிறார்கள் (2023-24 கணக்கெடுப்பு). நாட்டின் வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் கீழ். வயலை விட்டு வெளியே வர நினைப்பவருக்குத் தொழிற்சாலை வேலை போதுமான அளவு இல்லை. 2014ல் 'மேக் இன் இந்தியா' தொடங்கியபோது உற்பத்தித் துறையின் பங்கை 25 சதவீதமாக்குவோம் என்றார்கள். இன்னும் 20ஐக்கூட எட்டவில்லை.

ஆக, அடுத்து என்ன செய்வது? மேசையில் இருப்பவை முக்கியமாக மூன்று வழிகள். ஒன்று, இப்போது நடந்துகொண்டிருப்பது: இறக்குமதிக்கு வரி போட்டு உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்றி, உற்பத்தி செய்கிறவருக்கு ஊக்கத்தொகையும் கொடுப்பது. இரண்டு, வரிகளை, அதிலும் மூலப்பொருட்கள், உதிரி பாகங்கள் மீதான வரிகளை வெட்டுவது. மூன்று, நிலம், தொழிலாளர் சட்டம், மின்கட்டணம் என்று வீட்டுக்குள்ளே இருக்கிற முடிச்சுகளை அவிழ்ப்பது. நான்காவதாகச் சேவைத் துறையைச் சொல்பவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எடைபோட நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்விகள் எளிமையானவை. எத்தனை பேருக்கு வேலை? எவ்வளவு சீக்கிரம் செய்யலாம்? சரியாக வராவிட்டால் திரும்ப முடியுமா? அப்புறம், அடி யார் தலையில் விழும்? கடைசிக் கேள்வியைத்தான் நம் பொருளாதாரக் கட்டுரைகள் அதிகம் தவிர்க்கின்றன.

முதலில் ஊக்கத்தொகை. பிஎல்ஐ என்று எல்லோரும் சொல்கிற உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் 2020ல் செல்போனில் தொடங்கி 14 துறைகளுக்குப் போனது; ஒதுக்கீடு 1.97 லட்சம் கோடி ரூபாய். செல்போன் கம்பெனி கூடுதலாக விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் நான்கு முதல் ஆறு ரூபாய் அரசு தரும். பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பத்து வருடம் முன்பு இங்கே விற்ற போன்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. 2024-25ல் நாம் ஏற்றுமதி செய்த ஸ்மார்ட்போன்களின் மதிப்பு சுமார் 2,400 கோடி டாலர். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கர்நாடகத்தின் நரசாபுரா என்று பெரிய ஆலைகள். அவற்றில் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள். ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் ரகுராம் ராஜன் போன்றவர்கள் 'இது வெறும் பாகங்களைக் கோக்கும் வேலை, உள்ளே வரும் மதிப்பு குறைவு' என்று விமர்சித்தார்கள். விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் சீனாவும் வியட்நாமும் கோப்பதில்தான் ஆரம்பித்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

என் தயக்கம் வேறு. 14 துறைகளில் இப்படிப் பளிச்சென்று தெரிகிற வெற்றி செல்போன்தான். மருந்தை வேண்டுமானால் அடுத்துச் சொல்லலாம். 2025 மார்ச் வரை எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது சுமார் 21,500 கோடி ரூபாய், ஒதுக்கியதில் ஒன்பதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. துணித் துறைக்கான திட்டத்தைப் பாருங்கள். 10,683 கோடி ரூபாய் ஒதுக்கி, செயற்கை இழை ஆடைகளை வளர்க்கிறோம் என்றார்கள். சேர வேண்டுமானால் குறைந்தது 100 கோடி ரூபாய் முதலீடு, மேல் படிக்கு 300 கோடி. திருப்பூரில் நூறு தையல் மெஷின் வைத்து நடத்துகிறவர் அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது. 2025ல் அந்த வரம்பைப் பாதியாகக் குறைத்தார்கள். பாதியும் அவருக்கு எட்டாத உயரம்தான்.

செல்போன் கதையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டே அரசு இன்னொரு பக்கம் வரியையும் குறைத்தது. 2024 ஜனவரியில் செல்போன் பாகங்கள் பலவற்றின் வரி 15லிருந்து 10 சதவீதம் ஆனது. அந்த ஜூலை பட்ஜெட்டில் முழு போனுக்கான வரியே 20லிருந்து 15க்கு வந்தது. குறைக்கச் சொல்லிக் கேட்டது செல்போன் தொழில்தான். பாகங்களுக்கு வரி கட்டிக்கொண்டு வியட்நாமோடு போட்டி போட முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்ல ஆளும் இருந்தது. சின்னத் தொழில்களுக்கு டெல்லியில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது.

அதனால் இரண்டாவது வழியில் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1991க்கு முன் 300 சதவீதத்துக்கு மேல் இருந்த உச்ச வரி, விவசாயம் அல்லாத பொருட்களுக்கு 2007ல் 10 சதவீதம் வரை இறங்கியது. பி.வி. நரசிம்ம ராவ், தேவகவுடா, வாஜ்பாய், மன்மோகன் என்று எந்த ஆட்சி வந்தாலும் திசை மாறவில்லை. 2018 பட்ஜெட்டில் அது திரும்பியது. செருப்பு, பொம்மை, பர்னிச்சர், கைக்கடிகாரம், மின்னணுப் பாகங்கள் என்று வரிகள் ஏறத் தொடங்கின. 2014 வாக்கில் 13 சதவீதத்தை ஒட்டியிருந்த சராசரி வரி 17, 18 என்று ஆனது. வரி போதாதென்று தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. வெளிநாட்டு ஆலை நம் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை வாங்காமல் இங்கே சரக்கு அனுப்ப முடியாது. முத்திரை வாங்க நம் அதிகாரிகள் அங்கே போய் ஆலையைப் பார்க்கவேண்டும். ஹெல்மெட்டுக்கும் பிரஷர் குக்கருக்கும் தரம் கேட்பது புரிகிறது. பஞ்சாலைக்குள் போகிற இழைக்கும், பிளாஸ்டிக் தயாரிக்கும் ரசாயனத்துக்கும் எதற்கு? அவற்றை வாங்குகிறவர் தொழில்காரர். மட்டமான சரக்கை அவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை நல்ல உதாரணம். 2023ல் விஸ்கோஸ் இழைக்கும் பாலியெஸ்டர் இழைக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. விஸ்கோஸ் இழையை இந்தியாவில் பெருமளவில் தயாரிப்பது ஒரே நிறுவனம். வெளியிலிருந்து வருவது நின்றால் விலையை யார் நிர்ணயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளும் விசைத்தறிக்காரர்களும் மனு மேல் மனு கொடுத்தார்கள். 2025 நவம்பரில்தான் விஸ்கோஸ் ஆணையும், பாலியெஸ்டருக்கான மூலப்பொருட்கள் மீதான ஆணைகளும் வாபஸ் ஆயின. ஏறக்குறைய இரண்டரை வருடம். அதற்குள் ஆர்டர்கள் வேறு நாட்டுக்குப் போயிருக்கும். போன பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிறவர், ஆணை வாபஸானதும் அடுத்த கப்பலில் திரும்பி வருவதில்லை.

பருத்தியின் கதை இன்னும் வேடிக்கை. 2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது. அடுத்த வருடம் மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் கடையடைப்பே நடந்தது. அதற்குச் சற்றுமுன் வரிக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள், சில மாதங்களில் வரி திரும்ப வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின் மீது 50 சதவீத வரி போட்டதும் மறுபடி விலக்கு. முதலில் அறிவித்த கெடு ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை. பிரேசிலிலோ ஆஸ்திரேலியாவிலோ பஞ்சுக்கு ஆர்டர் போட்டு அது தூத்துக்குடியில் இறங்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அறிவிப்பு வந்த அன்றே ஆர்டர் போட்டவருக்கும் கெடுவுக்குள் சரக்கு வந்து சேராது! பத்து நாளில் அதை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். ஆலைக்காரர் ஆறு மாதம் முன்னால் விலை பேசுகிறார். அரசு ஆறு வாரத்துக்குக் கொள்கை வகுக்கிறது.

இப்போது கணக்குக்கு ஒரு சட்டையை, வேண்டாம், மழைக்குப் போடும் ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். அடக்க விலை நூறு ரூபாய் என்றால் அதில் அறுபது துணிக்கே போகும். உலகத் துணி வணிகத்தில் இன்று செயற்கை இழைதான் பெரிய பங்கு. நாம் இன்னும் பருத்தியிலேயே நிற்கிறோம். ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் பையர் 'இந்தத் தைவான் ஆலையின் துணியில்தான் தைக்கவேண்டும்' என்று பெயர் சொல்லி ஆர்டர் கொடுப்பார். பின்னல் துணியில் ஒன்பது வகைகளுக்கு 2025 பட்ஜெட் வைத்த வரி 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது. அறுபது ரூபாய்த் துணிக்கு இருபது சதவீதம் என்றால் பன்னிரண்டு ரூபாய். நூற்றுக்கு ஐந்தோ ஏழோ லாபம் பார்க்கிற தொழிலில் பன்னிரண்டை எங்கே போய்த் தேடுவது?

'ஏற்றுமதிக்கு என்றால் வரி இல்லாமல் இறக்கலாமே, அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் இருக்கிறதே' என்று டெல்லியில் சொல்வார்கள். இருக்கிறது. எந்த ஆடைக்கு எத்தனை கிலோ துணி, எவ்வளவு சேதாரம் என்று முன்கூட்டியே கணக்குக் கொடுக்கவேண்டும். ஜிப்புக்கும் லைனிங்குக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதவேண்டும். சுங்கத் துறைக்குப் பாண்டு எழுதித் தரவேண்டும். குறித்த காலத்துக்குள் ஏற்றுமதி செய்து காட்டாவிட்டால் வரியோடு வட்டியும் கட்டவேண்டும். பெரிய கம்பெனி இதற்கென்று ஒரு அறையும் நான்கு ஆட்களும் வைத்திருக்கும். அடுத்தவர் ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கில் ஆரம்பித்து மெல்ல நேரடி ஏற்றுமதிக்கு வருகிறவர் 'எதற்கு வம்பு' என்று பனியனிலேயே நின்றுவிடுவார். பங்களாதேஷ் ஆண்டுக்கு நம்மைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆடை ஏற்றுமதி செய்கிறது. கூலி மலிவு, பணக்கார நாடுகளில் வரிச் சலுகை ஆகியவை அதற்குப் பெரிய காரணங்கள். ஏற்றுமதி ஆலைகள் துணியைச் சிக்கலில்லாமல் உள்ளே கொண்டுவர அவர்கள் செய்துவைத்த கிடங்கு ஏற்பாட்டையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

இங்கே எதிர்த் தரப்பும் வலுவானதுதான். பஞ்சுக்கு வரி இல்லையென்றால் விதர்பாவிலும் தெலங்கானாவிலும் பருத்தி போட்டவர் என்ன செய்வார்? அவருக்கு 2025-26க்கு நடுத்தர இழைப் பருத்தி குவிண்டால் 7,710 ரூபாய் என்று ஆதரவு விலை இருக்கிறது. இந்தியப் பருத்திக் கழகம் அந்த விலையில் வாங்கவேண்டும். அவரைக் காப்பாற்றும் செலவு பட்ஜெட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும் என்பது என் வாதம். ஆலைக்காரரின் தலையில் மறைமுகமாக ஏற்றினால் அது தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வேலையில் போய் முடிகிறது.

இன்னொரு எதிர்வாதம் கார். முழுதாக வரும் காருக்கு வரி எப்போதும் உச்சத்தில்தான் இருந்தது. அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல்தான் ஃபோர்டும் ஹூண்டாயும் இங்கே வந்து ஆலை போட்டன. மறைமலை நகரும் இருங்காட்டுக்கோட்டையும் அப்படி உருவானவை. பாதுகாப்பு வேலை செய்யாது என்று சொல்கிறவர் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். என் பதில்: அதே சுவர் அம்பாசடர் காலத்திலும் இருந்தது. நாற்பது வருடத்தில் அந்தக் கார் எவ்வளவு மாறியது என்று நமக்குத் தெரியும். தொண்ணூறுகளில் மாறியது சுவருக்குள்ளே நடந்த போட்டி. லைசென்ஸ் போனது, யாரும் வரலாம் என்றானது, ஐந்தாறு கம்பெனிகள் ஒரே வாடிக்கையாளருக்காக அடித்துக்கொண்டன. கூடவே, கார் வாங்க உள்நாட்டிலேயே கோடிக்கணக்கில் ஆள் உண்டு. ஒரே உற்பத்தியாளர் இருக்கும் விஸ்கோஸுக்கும், வெளிநாட்டு ஆர்டரை நம்பியிருக்கும் ஆடைக்கும் அந்தச் சூத்திரம் பொருந்தாது.

முழுப் பொருட்களின் வரியைக் குறைப்பதில் எனக்கு இந்த அவசரம் இல்லை. காரணம் கோவில்பட்டி. மலிவு பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்தபோது கோவில்பட்டி, சாத்தூர், குடியாத்தம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழில் ஆடிப்போனது. 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட லைட்டர்களின் இறக்குமதியை அரசு தடை செய்தது. பாடப்புத்தகப்படி அது தப்பு. ஆனால் கரிசல் பூமியில் ஐம்பது வயதுப் பெண்ணுக்குத் தீப்பெட்டி ஒட்டுவதை விட்டால் வேறு என்ன வேலை என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. லைட்டர் யாருக்கும் மூலப்பொருள் அல்ல. தடையால் இன்னொரு தொழில் படுக்கவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். மூலப்பொருளுக்கு வரி போட்டால் அதை வைத்துப் பிழைக்கும் நூறு தொழில்கள் அடிபடும், காப்பாற்றப்படுவது அநேகமாக ஒன்றிரண்டு பெரிய ஆலைகள். முழுப் பொருளில் பல நேரம் இது நேர்மாறு.

சீனாவும் தென்கிழக்கு ஆசிய நாடுகளும் நியூசிலாந்தும் சேர்ந்த ஆர்செப் வர்த்தக ஒப்பந்த விவகாரமும் இங்கேதான் வருகிறது. 2019 நவம்பரில் பாங்காக்கில் இந்தியா கடைசி நேரத்தில் விலகியது. பயந்தது இரண்டுக்கு: சீனச் சரக்கு, நியூசிலாந்துப் பால். பாலுக்குப் பயந்தது சரிதான் என்று நினைக்கிறேன். இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் கோடிக்கணக்கான வீடுகளின் வருமானத்தை வைத்து யாரும் பரிசோதனை செய்யக்கூடாது. ஆனால் வெளியே நின்றதால் ஆசியாவின் உற்பத்திச் சங்கிலியில் சரக்கு எங்கே சுலபமாக நகர்கிறதோ அங்கே நாம் இல்லை. அதன் பிறகு அமீரகம், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட எஃப்டா நாடுகள், 2025 ஜூலையில் பிரிட்டன் என்று ஒப்பந்தங்கள் போட்டதைப் பார்த்தால் டெல்லிக்கும் அது புரிந்திருக்கிறது. இவர்களெல்லாம் நம் சரக்கை வாங்குகிறவர்கள். துணியும் சிப்பும் விற்கிறவர்களில் பலர் ஆர்செப்புக்குள் இருக்கிறார்கள்.

மூன்றாவது வழி, உள்ளே இருக்கும் முடிச்சுகள். நீண்ட நாள் நோக்கில் இதுதான் பெரியது. குஜராத்தின் காண்ட்லாவில் ஏற்றுமதி மண்டலம் வந்தது 1965ல். ஆசியாவிலேயே அதுதான் முதல். சீனா ஷென்சென்னைத் தொடங்கியது 1980ல். பதினைந்து வருடம் முந்திக்கொண்டும் நாம் கோட்டை விட்டோம். காண்ட்லா வேலி போட்ட ஒரு தொழிற்பேட்டை. சின்ன விஷயத்துக்கும் டெல்லியின் அனுமதி வேண்டும். ஷென்சென் ஒரு நகரம். நிலத்தை எப்படிக் கொடுப்பது, ஆட்களை எந்த விதியில் எடுப்பது, வீடு எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அங்கேயே இருந்தது. சீனாவில் அப்போது பொதுவான இறக்குமதி வரி அதிகம்தான். ஏற்றுமதிக்குத் தைக்கிற, கோக்கிற ஆலைக்கு மட்டும் மூலப்பொருளை வரியில்லாமல் விட்டார்கள். இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் அவர்கள் சேர்த்தே செய்தார்கள் என்று சொல்லலாம்.

இங்கே நிலைமை என்ன? நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலை ஆள்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டும் என்ற விதி எண்பதுகளிலிருந்து இருந்தது. ஆலைகள் சின்னதாகவே நின்றன, அல்லது ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்துச் சமாளித்தன. 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, அந்த வரம்பை 300 ஆக்கிய புதிய சட்டங்கள் 2020க்குள் நிறைவேறின. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. நிறைவேற்றியதற்கும் அமலுக்குக் கொண்டுவந்ததற்கும் இடையே ஐந்து வருடம். மாநிலங்கள் விதிகள் எழுதவேண்டும், தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்ததால் மே தினத்தன்று வாபஸ் ஆனது நினைவிருக்கும். விவசாயச் சட்டங்களின் கதி இன்னும் பெரிய பாடம்: 2020ல் ஊரடங்குக்கு நடுவே அவசரச் சட்டமாக வந்து, ஒரு வருடம் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்து, 2021 நவம்பரில் போயின. 1991ல் செய்ததுபோல ஒரே நாளில் அறிவித்துவிட்டுப் போகிற வேலை இதில் நடக்காது.

நிலமும் அப்படித்தான். தனியார் ஆலைக்காக அரசு நிலம் எடுக்க வேண்டுமானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் சம்மதிக்கவேண்டும் என்கிறது 2013 சட்டம். மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் போராட்டத்தால் டாடா நானோ கார் ஆலை பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த விதி அது. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. குறைந்த விலைக்குப் பிடுங்கிக் கொடுப்பதைச் சீர்திருத்தம் என்று சொல்லமுடியாது.

உள் முடிச்சுகளில் பேசப்படாத ஒன்று தங்குமிடம். இருபதாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையைப் பொட்டல் காட்டில் போட்டால் அவர்கள் எங்கே தூங்குவார்கள்? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டுப் பலர் மருத்துவமனைக்குப் போக, பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பின்னர் தமிழக அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு குடியிருப்பு கட்டியது; 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். எந்தத் தொழிலாளர் சட்டத் திருத்தத்தையும்விட அந்தக் கட்டடம் அந்தப் பகுதித் தொழிலுக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். யாரும் அதை எதிர்த்துத் தெருவுக்கு வரவில்லை என்பதும் ஒரு வசதி.

சேவைத் துறை பற்றிச் சுருக்கமாக. 2024-25ல் நம் சேவை ஏற்றுமதி சுமார் 38,700 கோடி டாலர். சென்னை ஓஎம்ஆரில் ஒரு நடை போய்வந்தால் அது நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் ஐடி துறையில் நேரடி வேலை அரை கோடியைச் சற்றுத் தாண்டும். நாட்டில் உழைப்பவர்கள் ஐம்பது கோடிக்கு மேல். பத்தாவது முடிக்காமல் வயலிலிருந்து வருகிறவருக்கு அங்கே கிடைப்பது காவல்காரர் வேலையும் உணவு டெலிவரியும். அதை வளரவிடவேண்டும், வேலைவாய்ப்புத் திட்டமாக நம்பக்கூடாது.

சரி, என்னிடம் கேட்டால் வரிசை இப்படி இருக்கும். முதலில் இழை, துணி, பஞ்சு, ரசாயனம், மின்னணுப் பாகங்கள் மீதான வரிகளை மூன்று வருடக் கால அட்டவணை போட்டு இறக்குவேன். அட்டவணையை முதல் நாளே வெளியிடுவேன், நடுவில் தொடமாட்டேன். ஒரே உற்பத்தியாளர் இருக்கும் பொருளில் முதல் வருடமே பூஜ்யம். தொழிற்சாலைக்குள் போகும் சரக்குக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை கூடாது, மிச்சமிருப்பதையும் எடுத்துவிடலாம். இதற்கெல்லாம் டெல்லி அமைச்சகங்களின் அறிவிக்கையே போதும், தப்பானால் அடுத்த பட்ஜெட்டில் திருத்தலாம். அடிபடுகிறவர்கள் சில பெரிய நிறுவனங்கள். அவர்களால் தாங்க முடியும். அரசுக்குச் சுங்க வருவாய் கொஞ்சம் குறையும்.

அதோடு சேர்த்து மாநிலங்கள் தொழிலாளர் தங்குமிடம், பஸ், பெண்களுக்கு இரவு வேலையில் பாதுகாப்பு, தொழிற்சாலைக்கு நியாயமான மின்கட்டணம் என்று சண்டை குறைவான உள் வேலைகளில் இறங்கலாம். ஆள்குறைப்பு விதிகளைத் தளர்த்துவதை இழப்பீடும் வேலையில்லாக் காலப் படியும் வந்த பிறகே பேசவேண்டும். ஊக்கத்தொகை புதிதாக எந்தத் துறைக்கும் வேண்டாம். இருப்பவை தங்கள் கெடு முடிந்ததும் முடியட்டும், செல்போனுக்கும் அதேதான். 2014ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மூடியபோது சலுகைகள் அதை நிறுத்திவைக்கவில்லை.

பாலை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான்.